கணினி படித்த மகளுக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை?

அன்புள்ள அம்மா,

சனிக்கிழமை உவர்மலைக்கு வந்தபோது, "உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி போதாமல் மருத்துவபீடம் தவறிவிட்டது. கம்பியூட்டர் படிக்கிற பிள்ளைக்கு மருத்துவ ஆராய்ச்சியில் என்ன வேலை, சேர்?" என்று கேட்டீர்கள். விடை உங்கள் கைப்பையிலேயே இருந்தது.

உங்கள் சீனி வருத்தத்து கிளினிக் கொப்பியைப் புரட்டினோமே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு பக்கத்தில் வெறும் வயிற்றுச் சீனி 126. இன்னொரு ஆய்வுகூடத்தின் முடிவில் 7.0. நன்றாகக் குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டீர்கள். இரண்டும் ஒரே அளவுதான் அம்மா. ஒன்று மில்லிகிராம் கணக்கு, மற்றது மில்லிமோல் கணக்கு; 7ஐ 18ஆல் பெருக்கினால் 126. நமக்குச் சந்தேகம் வந்தால் தாதியிடம் கேட்போம். கணினி யாரிடம் கேட்கும்? ஆயிரக்கணக்கான நோயாளரின் பதிவுகளில் இப்படியான சிக்கல்களை அவிழ்ப்பதிலேதான் இந்த வேலையின் பெரும்பகுதி போகிறது.

மிச்சம், சந்தேகப்படுவது. 1990களில் அமெரிக்காவில் நிமோனியா நோயாளரில் யாருக்கு உயிராபத்து அதிகம் என்று கணிக்க மெஷின் லேர்னிங்கை, அதாவது பழைய பதிவுகளிலிருந்து கணினியே கற்றுக்கொள்ளும் முறையை, பயன்படுத்திப் பார்த்தார்கள். ஆஸ்துமா உள்ளவருக்கு ஆபத்து குறைவு என்று முடிவு வந்தது! காரணம் என்ன? ஆஸ்துமாக்காரர் வந்தால் வைத்தியர்கள் பயந்து நேரே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார்கள், அதனால் பிழைத்தார்கள். கணினி அந்தக் கவனிப்பை அறியாது. அப்படியே நம்பியிருந்தால் ஆஸ்துமாக்காரரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். உங்கள் மகள் எதற்கும் "ஏன்?" என்று கேட்கிற பிள்ளை. அதனால்தான் இந்தத் துறை அவருக்குப் பொருந்தும் என்கிறேன்.

சரி, சம்பளத்துக்கு வருவோம். மறைக்க மாட்டேன். ஆராய்ச்சி உதவியாளர் வேலை பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான். ஆய்வுக்கு வந்த நிதி முடிந்தால் வேலையும் முடியும். பென்சனை எதிர்பார்க்க முடியாது. கொழும்பு மென்பொருள் கம்பெனிகள் கூடுதலாகக் கொடுக்கலாம். ஆனால் வெளிநாட்டில் கலாநிதிப் பட்டத்துக்குப் போவதற்கு இந்த அனுபவம் பெரிய பலம். அமெரிக்கா போன்ற நாடுகளில் கட்டணமும் இல்லாமல், மாதாந்தக் கொடுப்பனவும் தருகிற இடங்கள் உண்டு. காணி விற்றுப் பணம் கட்டும் கலாநிதிப் படிப்புக்கு தயவுசெய்து சம்மதிக்காதீர்கள்.

இப்போது செய்யவேண்டியது இறுதியாண்டு ஆய்வை மருத்துவத் தரவில் செய்வது. பொஸ்டனில் ஓர் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பதிவுகள், பெயர்கள் நீக்கப்பட்டு, மிமிக் என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆய்வு ஒழுக்கநெறி பற்றிய இணையப் பயிற்சியை முடித்து, உடன்படிக்கையில் ஒப்பமிட வேண்டும். அந்தப் பயிற்சியே நல்ல பாடம். நம் ஊர் நோயாளரின் கொப்பிகளை ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி இல்லாமல் போனில் படம் எடுக்கவும் கூடாது என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

மகள் படிக்கிற கோணேசபுரி பல்கலைக்கழக வளாகத்தில் கணினி விஞ்ஞானமும் சித்த மருத்துவமும் ஒரே வளவுக்குள் இருக்கின்றன. நோயாளரைப் பார்க்கிறவர்களோடு பேசிப் பழக அதைவிடக் கிட்டிய இடம் எது?

அடுத்த சனி மகளையும் கூட்டிவாருங்கள். பைதன் என்ற கணினி மொழிச் சான்றிதழ்கள் தேவையில்லை. புள்ளிவிபரவியல் பெறுபேற்றை மட்டும் கொண்டு வரட்டும்; அதைப் பார்த்துத்தான் தலைப்பை முடிவு செய்ய வேண்டும்.