கோட்டை டயோரமாவில் பலகை வளைந்தது பற்றி

நான்கடி பிளைவுட்டில் வேலூர்க் கோட்டை டயோரமா (சிறிய அளவில் செய்யும் மாதிரிக் காட்சி) செய்தபோது அகழிக் கரைக்குப் பிளாஸ்டர் பூசினீர்கள், காய்ந்ததும் பலகை வளைந்துவிட்டது என்று கேட்டிருந்தீர்கள். பிளாஸ்டர் மேல் குறையில்லை. பலகையின் மேல்பக்கம் மட்டும் தண்ணீர் குடித்து ஊறி, பிறகு நம்ம ஊர் மே வெயிலில் சடசடவென்று காய்ந்து சுருங்கியிருக்கிறது. அடிப்பக்கம் அப்படியே கிடந்தது. காட்பாடியில் என் வீட்டு மொட்டைமாடியில் காயவைத்த என் டயோரமாவிலும் இதே கதைதான். பிளாஸ்டரில் தலைமுடி கனத்தில் தொடங்கிய விரிசலில், மறுவாரம் ஒரு ரூபாய்க் காசைச் செருகி நிற்கவைக்க முடிந்தது.

இப்போதைக்கு அடியில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து, பலகையை அதோடு இணைக்கும் திருகாணிகளை நாளுக்கு அரைச் சுற்றாக முறுக்குங்கள். அவசரப்பட்டால் மதில் உதிரும். அடுத்த முறை இரு பக்கமும் வார்னிஷ் அடித்த பிறகே ஈர வேலை. மேட்டுக்குத் தெர்மாகோல் வைத்தால் கனம் குறையும். ஆனால் ஸ்ப்ரே பெயின்ட் நேராகப் பட்டால் கரைந்துவிடும். மேலே ஃபெவிகால் தடவிக் காகிதம் ஒட்டிவிடுங்கள்.

அப்புறம், அடுத்து 1:72 அளவில் (நிஜத்தில் 72-இல் ஒரு பங்காக) முழுக் கோட்டை என்கிறீர்களே, 133 ஏக்கர் சார்! பக்கத்துக்குச் சுமார் பத்து மீட்டர் வரும். ஒரு கொத்தளமும் ஒரு துண்டு அகழியும் போதும். அதில் 2.4 செ.மீ. சிப்பாய் ஒருவன் நின்றாலே கண் அங்கேதான் போகும்.