வாசகர் கேள்விகள்: பி.ஏ.வும் கணினிப் பாடமும்

கேள்வி: பி.ஏ.வில் வரலாறு எனக்கு முதன்மைப் பாடம், தகவல் தொழில்நுட்பம் இரண்டாவது பாடம். பள்ளியில் கணக்கு சுமார்தான். புரோகிராமிங் வகுப்பு தொடங்கியதிலிருந்து பயமாக இருக்கிறது. பாடத்தை மாற்றிவிடட்டுமா?
– வரலாற்று மாணவி

பதில்: வேண்டாம்மா. நீங்கள் பயப்படுகிற கணக்கு வேறு, அந்த வகுப்பு கேட்கிற கணக்கு வேறு. தொடக்கநிலை புரோகிராமிங்கில் நுண்கணிதம் தலைகாட்டுவதே அபூர்வம். 'இது உண்மையானால் அதைச் செய், இல்லாவிட்டால் இதைச் செய்' என்ற அளவுத் தர்க்கம் வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அந்தத் தர்க்கத்தை 1854-இல் இயற்கணிதமாக எழுதிய ஜார்ஜ் பூல் என்ற கணித அறிஞர், மனித சிந்தனையின் விதிகளைத்தான் தேடிக்கொண்டிருந்தார். அப்போது கணினிக்குள் இருக்கிற டிரான்சிஸ்டர் ஏது? மெய்யியல் வகுப்பில் எது உண்மை, எது பொய் என்று கட்டம் போட்டுப் பார்க்கும் மெய்ம்மை அட்டவணையில் பழகியவர்கள் என்னிடம் வந்தால், புரோகிராமில் 'இது உண்மையானால்' என்பதைச் சொல்கிற 'இஃப்' கட்டளையை ஒரே மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள்.

கலைப்பிரிவுப் பிள்ளைகள் தடுக்கி விழுவது உதாரணங்களில். எந்தப் பாடநூலைத் திறந்தாலும் ஊழியர், துறை, சம்பளம். யாருடைய சம்பளமோ! அதை மூடிவைத்துவிட்டு, உங்கள் துறையிலிருந்து பழைய பதிவேடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் 'சுப்பிரமணியம்', பத்தாம் பக்கத்தில் 'சுப்ரமணியன்', இன்னொரு பக்கத்தில் வெறும் 'மணியம்'. ஒரே ஆளா, மூன்று பேரா? டேட்டாபேஸ் வகுப்பில் ஆளுக்கு ஒரு எண் கொடு, பெயரின் வேறுபாடுகளைத் தனி அட்டவணையில் வை என்பார்கள். தரவை ஒன்றோடொன்று தொடர்புள்ள அட்டவணைகளாக அடுக்கும் ரிலேஷனல் முறையை 1970-இல் எட்கர் காட் என்ற கணினி அறிஞர் முன்வைத்தார்; அதிலிருந்து வந்த பழக்கம் அது. ஆனால் எந்தப் பெயருக்கு எந்த எண் என்று தீர்மானிக்கச் சான்றுகளை எடைபோடத் தெரிய வேண்டும். உங்கள் வரலாற்றுப் பேராசிரியர் சொல்லிக்கொடுப்பதே அதைத்தானே?

எக்செல்லை மட்டும் கொஞ்சம் எச்சரிக்கையாகக் கையாளுங்கள். 1900 ஜனவரி 1-க்கு முந்தைய தேதியை அது தேதியாகவே எடுத்துக்கொள்ளாது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, 1900-இல் பிப்ரவரி 29 இருந்ததாகவும் நம்புகிறது. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருளோடு ஒத்துப்போவதற்காக வேண்டுமென்றே விட்டுவைத்த பிழை. 1850-இன் பதிவேட்டை அதில் ஏற்றி, தேதிவாரியாக அடுக்கச் சொன்னால் வரிசை குழம்பும். ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனிப் பத்தியில் எண்ணாகப் போட்டுவிடுங்கள். தொல்லை தீர்ந்தது.

கேள்வி: நான் தமிழ் இலக்கியம் படிக்கிறேன். எனக்குக் கணினிப் பாடத்தால் என்ன லாபம்? டைப் அடிக்கத் தெரிந்தால் போதாதா?
– இலக்கிய மாணவர்

பதில்: பைத்தான் மொழியில் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள். ஐந்து என்று சொல்லும். நமக்கு மூன்று எழுத்து. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கிற யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகளாகச் சேமிப்பதால் வருகிற வினை. எழுத்தெண்ணி, அசை பிரித்து, வெண்பாவைச் சரிபார்க்க ஒரு நிரல், அதாவது புரோகிராம், எழுத நினைத்தால் முதல் அடியே இங்கேதான் விழும். இன்னொன்று: 'கொ' என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே நிற்கும், தேடினால் ஒன்றுதான் அகப்படும். யூனிகோடுக்கு மாறாத பாமினி எழுத்துருவில் தட்டச்சான பழைய கோப்புகளோ, எழுத்துருவை எடுத்துவிட்டால் ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும். இதையெல்லாம் சீர்செய்ய யாப்பும் தெரிந்த, யூனிகோடும் தெரிந்த ஆள் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் குறைவு என்பது என் அனுபவம்.

இது புதுசுமில்லை. இடைக்காலக் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸின் எழுத்துகளுக்குச் சொல்லடைவு, அதாவது எந்தச் சொல் எங்கே வருகிறது என்ற பட்டியல், தயாரிக்க, ரொபர்ட்டோ புசா என்ற இத்தாலியப் பாதிரியார் 1949-இலேயே ஐபிஎம் நிறுவனத்தின் கதவைத் தட்டினார். தகவலைத் துளைகளாகப் பதிக்கும் துளை அட்டைகளில் தொடங்கிய அந்த வேலை முடிய ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஆயின.

கேள்வி: மகன் பி.ஏ.வோடு ஐ.டி. படிக்கப் போகிறேன் என்கிறான். அதுவும் இதுவும் கலந்த படிப்புக்கு வேலை கிடைக்குமா?
– கவலையில் ஒரு தந்தை

பதில்: ஐயா, மழுப்பாமல் சொல்கிறேன். மென்பொருள் பொறியாளர் வேலைதான் குறி என்றால் இந்தப் பாதை சுற்றுவழி. தரவுக் கட்டமைப்பு, அல்காரிதம், இயக்கமுறைமை, நெட்வொர்க் எல்லாவற்றையும் கணினி அறிவியல் மாணவர் ஆழமாகப் படித்திருப்பார். உங்கள் மகன் அவற்றில் பாதியைத் தானாகத் தேடிப் படிக்க வேண்டிவரும். நூலகம், ஆவணக் காப்பகம், வரைபடத் தரவு, மொழியாக்கம், மென்பொருள் சோதனை, பயனர் ஆய்வு போன்ற இடங்களில் நிலைமை வேறு. அங்கே இவனுடைய கலைப்பாடமும் சேர்ந்து சோறு போடும்.

சேர்வதற்கு முன் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். புரோகிராமிங்கும் டேட்டாபேஸும் மதிப்பெண்ணுக்குரிய தாள்களாக இருக்கின்றனவா, ஆய்வகத்தில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். வேர்டும் பவர்பாயிண்டும் மட்டும்தான் என்றால் அதற்கு ஐ.டி. என்று பெயர் வைத்தது அநியாயம். அதை வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாம்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறதே, நான் ஏன் படிக்க வேண்டும்?
– பெயர் வேண்டாம்

பதில்: எழுதித் தரட்டும், வாங்கிக்கொள்ளுங்கள். அது தருகிற நிரல் உங்கள் பதிவேட்டின் மூன்று சுப்பிரமணியங்களையும் சத்தமில்லாமல் ஒருவராக்கிவிட்டால், அதைக் கண்டுபிடிக்கிற அளவுக்காவது படித்திருங்கள்.