எழுபதைத் தாண்டிய பெற்றோருடன் ஜப்பானின் பழைய ஊர்களுக்கு: சைவ உணவும் இரவுத் தங்கலும்

கேள்வி: நவம்பர் முதல் வாரத்தில் மனைவியுடனும் எழுபதைத் தாண்டிய பெற்றோருடனும் பத்து நாள் ஜப்பான் பயணம் செல்கிறோம். ஒசாகாவில் இறங்கி, டோக்கியோவிலிருந்து திரும்புகிறோம். பெருநகரங்களைவிடப் பழைய ஊர்களைப் பார்க்கவே விரும்புகிறோம். மியாஜிமா, கோயாசான், கனாசாவா, ஷிராகவாகோ, தாகயாமா, சுமாகோ, நிக்கோ என்று பட்டியல் போட்டிருக்கிறோம். நால்வரும் முட்டையும் சேர்க்காத சைவம், பால் உண்டு. இந்தத் திட்டம் சரிப்படுமா? மரபான விடுதிகளில் பெற்றோரால் தங்க முடியுமா?

பதில்: சரிப்படும், ஆனால் மியாஜிமாவையும் நிக்கோவையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். முன்னது ஒசாகாவுக்கு வெகு மேற்கே இருக்கிறது. பின்னது டோக்கியோவுக்கு வடக்கே இருக்கிறது. மற்ற ஐந்து ஊர்களும் ஒசாகாவிலிருந்து டோக்கியோவுக்குப் போகும் உங்கள் வழியோடு இசைந்து வருகின்றன. தூரத்தைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. இந்தச் சிற்றூர்களில் பெரும்பாலான கடைகள் மாலை ஐந்து மணியளவில் அடைத்துவிடும். பகல் முழுவதும் தெருக்களை நிறைத்திருக்கும் சுற்றுலாக் கூட்டமும் அதற்குள் பேருந்தேறிவிடும். பகலில் வந்து போகிறவர் பார்ப்பது கடைத்தெருவை மட்டுமே. மாலைக்கும் மறுநாள் காலை ஒன்பது மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில்தான் ஊர் தன் இயல்பில் இருக்கும். ஆகவே ஊர்களின் எண்ணிக்கையைக் குறைத்து, தங்கும் இரவுகளைக் கூட்டுங்கள். ஒசாகாவில் ஓர் இரவு, கோயாசானில் ஒன்று, கனாசாவாவில் இரண்டு, தாகயாமாவில் இரண்டு, சுமாகோவில் ஒன்று, டோக்கியோவில் இரண்டு என்று வைத்துக்கொண்டால் பெற்றோரும் களைப்படைய மாட்டார்கள்.

உணவைப் பற்றிய கேள்விதான் உங்கள் பயணத்தின் நடைமுறையைத் தீர்மானிக்கும் என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஜப்பானியச் சமையலின் அடிப்படை 'தாஷி' என்னும் சாறு. அதைப் பெரும்பாலும் கடற்பாசியையும், காய வைத்துச் சீவிய கட்சுவோ மீனையும் கொண்டு தயாரிக்கிறார்கள். மிசோ சூப், சோபா நூடுல்ஸின் குழம்பு, வேகவைத்த காய்கறி, முட்டை சேராத டோஃபு உணவு என எதிலும் அது இருக்கக்கூடும். "இறைச்சியும் மீனும் வேண்டாம்" என்று மட்டும் சொன்னால், மீன் துண்டு இல்லாமல் மீன் சாற்றில் வெந்த காய்கறி வந்து சேரும். அது சமைத்தவரின் அலட்சியத்தால் நேர்வதன்று, சாற்றை அவர்கள் மீன் உணவாகக் கருதாததால் நேர்வது. எனவே அறையைப் பதிவு செய்யும்போதே, இறைச்சி, மீன், சிப்பி, இறால், முட்டை, மீன் சாறு ஆகியவை கூடாது என்றும், கடற்பாசியும் ஷீடாகே காளானும் இட்ட சாறு ஏற்புடையது என்றும், பால் பொருட்கள் உண்டு என்றும் ஜப்பானிய மொழியில் எழுதி அனுப்பி, எழுத்திலேயே பதில் பெறுங்கள். விடுதியின் இரவு உணவு பல சிறு பதார்த்தங்கள் கொண்டது. சமையல்காரர் பொருட்களை முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுவதால், வந்திறங்கிய மாலையில் மாற்றச் சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய இயலாது. சிறிய விடுதிகள் சில, தங்களால் இயலாது என்று மறுத்துவிடும். அந்த நேர்மையை மதித்து, அங்கே உணவில்லாமல் அறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது வேறு விடுதியைத் தேடுங்கள். கையில் அவலும் பருப்புப்பொடியும் இருப்பது நல்லது.

இந்தக் கவலையின்றிச் சாப்பிடக்கூடிய இடம் கோயாசான். அதனால்தான் அதைப் பயணத்தின் தொடக்கத்தில் வைத்தேன். கூகாய் என்னும் துறவி 816-ஆம் ஆண்டில் பேரரசரிடமிருந்து பெற்ற இம்மலையில், இன்று ஐம்பது கோயில்கள் அளவில் பயணிகளைத் தங்க வைக்கின்றன. அங்கே பரிமாறப்படும் 'ஷோஜின் ரியோரி' துறவியருக்கான உணவு; அதில் புலால் மட்டுமன்றி வெங்காயமும் பூண்டும் விலக்கப்படுகின்றன. உறையவைத்து உலர்த்திய கோயா டோஃபுவும், எள்ளை அரைத்துச் செய்யும் கோமா டோஃபுவும் அம்மலையின் சிறப்புகள். ஒசாகாவின் நம்பா நிலையத்திலிருந்து நன்கை ரயிலில் கோகுராகுபாஷி வரை சென்று, அங்கிருந்து ஐந்து நிமிடம் இழுவை ரயிலில் ஏறினால் மலையை அடையலாம். மாலை ஐந்து மணிக்கு முன் கோயிலுக்குப் போய்ச் சேருங்கள். இரவு உணவு ஆறு மணிக்குள் தொடங்கிவிடும். அதிகாலை வழிபாட்டில் விருந்தினரும் அமரலாம், சில கோயில்களில் ஓமமும் வளர்க்கிறார்கள். மறுநாள் காலை ஓகுனோயின் கல்லறைப் பாதையில், பெருந்தேவதாரு மரங்களுக்கிடையே 2 கிலோமீட்டர் நடந்து பாருங்கள். அங்குள்ள ஐந்தடுக்குக் கற்களில் செதுக்கியிருப்பவை பிராமி வழிவந்த சித்தம் எழுத்துகள். நம் நாட்டிலிருந்து சீனா வழியாகச் சென்றவை. மலை 800 மீட்டர் உயரத்தில் இருப்பதால் நவம்பர் இரவு கடுங்குளிராக இருக்கும். கோயில் தாழ்வாரங்களில் சூடேற்றி கிடையாது. பெற்றோருக்குக் கம்பளிக் காலுறை தேவைப்படும்.

விடுதியில் தங்குவது பெற்றோருக்கு இயலுமா என்றால், முழங்கால்தான் அதை முடிவு செய்ய வேண்டும். தாதாமிப் பாய் விரித்த அறையில் தரையில் மெத்தை விரித்துத் தருவார்கள். கழிப்பறைகள் இப்போது பெரும்பாலும் மேற்கத்திய முறையில்தான் உள்ளன. பாயும் கட்டிலும் சேர்ந்த அறைகளும் பல விடுதிகளில் உண்டு. அத்தகைய அறை, தரைத்தளம், நாற்காலியில் அமர்ந்து உண்ணும் வசதி ஆகிய மூன்றையும் கேட்டுப் பெறுங்கள். பொது வெந்நீர்க் குளியலில் ஆடையின்றித்தான் இறங்க வேண்டும். முதலில் வெளியே சோப்பிட்டு உடலைக் கழுவ வேண்டும். சிறு துண்டு நீரில் படக்கூடாது. கூச்சமிருந்தால் குடும்பத்துக்கெனத் தனித் தொட்டியை நேரம் குறித்து எடுத்துக்கொள்ளலாம். நீர் 40 பாகைக்கு மேல் இருக்கும் என்பதால், இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர் மருத்துவரைக் கேட்டுக்கொண்டே இறங்க வேண்டும்.

இரவு தங்கியே பார்க்க வேண்டும் என்ற என் கருத்துக்கு ஷிராகவாகோவில் மட்டும் உங்களுக்காக விலக்கு தருகிறேன். அங்குள்ள கூரை வீட்டு விடுதிகளில் கழிப்பறையும் குளியலறையும் பொது. அறைகளைப் பிரிப்பது பெரும்பாலும் காகிதம் ஒட்டிய நகர்கதவுதான். உணவை மாற்றிச் சமைக்கவும் வாய்ப்பு குறைவு. கனாசாவாவிலிருந்து காலையின் முதல் பேருந்தை முன்பதிவு செய்தால் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடலாம். கூட்டம் திரளுமுன் ஊரைச் சுற்றலாம். 1995-இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இவ்வீடுகளின் கூரை, பனி தங்காமல் சரிய வேண்டும் என்பதற்காக 60 பாகை அளவுக்குச் செங்குத்தாக அமைந்தது. கூரைச் சட்டங்களை ஆணியின்றிக் கயிற்றாலும் இளங்கிளைகளாலும் கட்டியிருக்கிறார்கள். மேல்தளங்களில் பட்டுப்புழு வளர்த்தார்கள். தரைக்கடியில் வெடிமருந்துக்கான வெடியுப்பு விளைவித்தார்கள். கூரை மாற்றும்போது ஊரே கூடி வேலை செய்யும் வழக்கம் இன்னும் அறவே போய்விடவில்லை. உட்புறம் பார்க்க வாதா இல்லம் திறந்திருக்கும். மற்றவற்றில் பல, மக்கள் குடியிருக்கும் வீடுகள். வாசலில் நின்று படமெடுப்பதும் திண்ணையில் ஏறுவதும் அவர்களுக்குத் தொல்லை.

அங்கிருந்து தாகயாமா பேருந்தில் 50 நிமிடம். மரவளத்துக்காக 1692-இல் ஷோகுன் என்னும் படைத்தலைவரின் ஆட்சி இப்பகுதியை நேரடியாகத் தன்கீழ் கொண்டுவந்தது. அக்கால நிர்வாக அலுவலகமான ஜின்யா இன்றும் நிற்கிறது. அதன் முன்னும் மியாகாவா ஆற்றங்கரையிலும் நாள்தோறும் காலைச் சந்தை கூடும். எட்டு மணிக்கே போனால், உள்ளூர் மூதாட்டிகள் கொண்டுவரும் ஆப்பிளையும் சிவப்பு டர்னிப் ஊறுகாயையும் நிதானமாகப் பார்த்து வாங்கலாம். சோயா சாறு தடவிச் சுடும் மிதராஷி தாங்கோ இங்கே இனிப்பில்லாமல் கிடைக்கும். சாற்றில் மீன் உண்டா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாகயாமாவிலிருந்து ஹிதா ரயிலில் நகோயா வந்து, அங்கிருந்து நகாட்சுகாவா வழியாக மாகோமே சேருங்கள். மாகோமேயும் சுமாகோவும் எதோ என்னும் பழைய டோக்கியோவையும் கியோத்தோவையும் இணைத்த நகாசெந்தோ நெடுஞ்சாலையின் தங்கல் ஊர்கள். இடையிலுள்ள 8 கிலோமீட்டர் மலைப்பாதையை மாகோமேயிலிருந்து தொடங்கினால் ஏற்றம் குறைவு. நீங்களும் மனைவியும் மூன்று மணி நேரத்தில் நடந்துவிடலாம். பெற்றோர் அதே தூரத்தைப் பேருந்தில் கடக்கட்டும். வீடுகளை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று சுமாகோ மக்கள் 1971-இல் தமக்குத் தாமே விதித்துக்கொண்டதால்தான் அந்தத் தெரு இன்று இருக்கிறது.

பெரிய பெட்டிகளை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. தக்யூபின் கூரியரில் ஒசாகா விடுதியிலிருந்து கனாசாவாவுக்கு அனுப்பிவிட்டு, கோயாசானுக்குச் சிறு பையோடு போகலாம். கிராமப் பேருந்துகளுக்கும் சந்தைக்கும் ரொக்க யென் வைத்திருங்கள். ரயிலுக்கு, நாடு முழுதும் செல்லும் ஏழு நாள் அனுமதிச்சீட்டின் விலை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்துவிட்டது. உங்கள் பாதைக்கு அது ஆதாயம் தராது. ஒசாகாவிலிருந்து கனாசாவா, ஷிராகவாகோ பேருந்து, தாகயாமா, நகோயா வரை ஐந்து நாளுக்குச் செல்லும் தாகயாமா-ஹோகுரிகு சீட்டைத் தனிக் கட்டணங்களோடு ஒப்பிட்டு வாங்குங்கள். நவம்பர் 3 அங்கே பண்பாட்டு நாள் விடுமுறை. இலைகள் சிவக்கும் பருவமும் அதுவே என்பதால் தாகயாமாவில் அறை எளிதில் கிடைக்காது. அவ்விரு இரவுகளையும் முதலில் பதிவு செய்துவிட்டு, மற்ற நாட்களை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள்.