மலையிறங்கி ஓடியதில் இரண்டு பெருவிரல் நகமும் கறுத்துவிட்டது, பிடுங்கிவிடலாமா?

பிடுங்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை ஓடி இறங்கினேன், மறுநாள் இரண்டு பெருவிரல் நகமும் கருநீலமாகிவிட்டது, வலி லேசாகத்தான் இருக்கிறது, கூட ஓடுகிறவர் பிடுங்கிப் போட்டால் புதுசு சீக்கிரம் முளைக்கும் என்கிறார், அடுத்த மாதம் திரும்ப இறங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். சீக்கிரம் முளைக்காது. கால் பெருவிரல் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் போலத்தான் வளரும். அடியிலிருந்து நுனிவரை முழுசாக வர 12 முதல் 18 மாதம் ஆகும். பிடுங்கினாலும் அதே வேகம்தான். அத்தனை மாதமும் மூடியில்லாத சதையில் ஷூ இடித்துக்கொண்டிருக்கும். நகம் அழுத்திப் பிடிக்காததால் விரல் நுனிச் சதை மேலே புடைத்து, வளர்ந்து வரும் புது நகத்தை வழிமறிக்கும். பார்க்க எப்படி இருந்தாலும், அந்தக் கறுத்த நகம்தான் இப்போது உங்கள் விரலுக்குக் கட்டு.

கறுப்பாகத் தெரிவது நகத்துக்கு அடியில் கசிந்து உறைந்த ரத்தம். சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1500 மீட்டரில். அந்த வித்தியாசம் முழுவதையும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கியிருக்கிறீர்கள். ஒரு கிலோமீட்டர் ஓடினால் ஒவ்வொரு காலும் சுமார் 500 தடவை தரையை மிதிக்கும். பத்து கிலோமீட்டரில் ஐயாயிரம். இறக்கத்தில் ஒவ்வொரு மிதிக்கும் பாதம் ஷூவுக்குள் முன்னால் சறுக்கி, நக நுனி போய் முட்டுகிறது. நுனி முட்ட முட்ட நகம் அடியில் நெம்பி எழும்பி, மெல்லிய ரத்தக் குழாய்கள் கிழிகின்றன. போதாததற்கு, ஓட ஓடப் பாதம் வீங்கும். அதே ஷூவோடு காந்தி ஸ்டேடியத்தில் எத்தனை சுற்று ஓடியும் ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கலாம். அதனால் ஷூ சரியான அளவுதான் என்று நம்பியிருப்பீர்கள். சமதரையில் போதுமாக இருக்கும் இடைவெளி மலையில் போதாது. உங்கள் பிரச்சினையின் வேர் அங்கேதான் இருக்கிறது. நகத்துக்கு மருந்து தேடி அலைய வேண்டாம்.

இப்போதைக்கு என்ன செய்வது? விண் விண் என்று தெறிக்கும் வலி இருந்து, தூங்க முடியாமல் போனால் மட்டும் முதல் இரண்டு நாளுக்குள் டாக்டரிடம் போங்கள். நகத்தில் சிறு துளை போட்டு ரத்தத்தை வெளியேற்றுவார், வலி உடனே இறங்கும். இரண்டு நாள் தாண்டினால் ரத்தம் உறைந்துவிடும், துளை போட்டும் பயன் இல்லை. ஊக்கைத் தீயில் காட்டி வீட்டிலேயே குத்திக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். நகத்துக்கும் எலும்புக்கும் நடுவில் இருப்பது சில மில்லிமீட்டர் சதைதான். அங்கே சீழ் பிடித்தால் எலும்பு வரை போகும். தயவுசெய்து செய்யாதீர்கள். வலி லேசாக இருப்பதால் உங்களுக்குத் துளை தேவையே இல்லை. துணியில் சுற்றிய ஐஸ் பத்துப் பதினைந்து நிமிடம், காலை உயர்த்தி வைத்துக்கொள்வது, நாலைந்து நாள் முன்பக்கம் திறந்த செருப்பு. அது போதும்.

சில வாரங்களில் நகம் ஆட ஆரம்பிக்கலாம். ஆடும் பகுதியை மட்டும் வெட்டி, ஒட்டியிருக்கும் பகுதியை விட்டுவிட்டு, மைக்ரோபோர் என்ற மெல்லிய காகித டேப்பை இறுக்காமல் ஒரு சுற்றுச் சுற்றுங்கள், சாக்ஸில் மாட்டி இழுக்காது. அடியிலிருந்து வரும் நகம் முதலில் தடிப்பாக, வரிவரியாக இருக்கும். அதைப் பூஞ்சை என்று நினைத்துக்கொண்டு மாத்திரை வாங்கப் போகாதீர்கள்.

மாதம் ஒருமுறை நகத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள். அடிபட்ட ரத்தம் என்றால் கறுப்பு நகத்தோடு சேர்ந்து நுனியை நோக்கி நகரும், அடியில் வெளுப்பான புது நகம் தெரியும். இரண்டு மூன்று மாதமாகியும் நகரவில்லை, ஒரே ஒரு நகத்தில் கறுப்புக் கோடு அகலமாகிக்கொண்டே போகிறது, அல்லது நிறம் நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்கும் பரவுகிறது என்றால் தாமதிக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். நகத்தடியில் வரும் புற்றுநோய் அப்படித்தான் தெரியும். அரிதுதான், ஆனால் ‘ஓடும்போது அடிபட்டிருக்கும்’ என்று விட்டுவிடுவதால் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுகிற நோய் அது. கவனித்துப் பார்க்கும் அந்த மாதங்களில் அந்த விரலுக்கு மருதாணியோ நகப்பூச்சோ வேண்டாம், எதுவும் தெரியாமல் போகும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் மேலே சொன்ன வீட்டு வைத்தியத்தில் எதையும் செய்யாமல் நேரே டாக்டரிடம் போக வேண்டும். ‘நெட்டில் வைத்தியம் சொல்லாதே’ என்று எழுத வருபவர்களுக்காக இதைத் தனியாகச் சொல்கிறேன். ‘எங்கள் தாத்தா வெறுங்காலோடு சேர்வராயன் கோயிலுக்கு ஏறி இறங்கினார், அவருக்கு நகம் கறுத்ததா?’ என்பவர்களும் வருவார்கள். கறுத்திருக்காது. வெறுங்காலுக்கு முன்னால் முட்டுவதற்குச் சுவர் இல்லை. கேள்வி கேட்டவர் ஷூ போட்டுத் தார் ரோட்டில் ஓடுகிறார், அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

இனி ஷூ. உள்ளே இருக்கும் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் போட்டு, ஓடும்போது போடும் அதே சாக்ஸோடு அதன்மேல் நில்லுங்கள். உட்கார்ந்து பார்த்தால் ஏமாற்றும். நின்றால்தான் பாதம் பரவும். உங்கள் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் முதல் ஒன்றேகால் சென்டிமீட்டர் வரை காலியாக இருக்க வேண்டும். பலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம். பெருவிரலை வைத்து அளந்தால் அந்த இரண்டாவது நகம் போகும். இரண்டு பாதமும் ஒரே அளவாக இருக்காது, பெரியதற்கு வாங்குங்கள். கடைக்குச் சாயங்காலம் போங்கள், காலையைவிடப் பாதம் பெருத்திருக்கும். நம் ஊரில் விற்கும் யூகே அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் எட்டரை மில்லிமீட்டர் வித்தியாசம், அரை எண் என்றால் நாலு மில்லிமீட்டர் சொச்சம். பெரும்பாலும் அந்த அரை எண்தான் நகத்தைக் காப்பாற்றுகிறது. சாதாரணச் செருப்பு அளவைச் சொல்லி ஆன்லைனில் ஷூ வாங்குவதுதான் பாதித் தொல்லைக்குக் காரணம்.

ஆனால் பெரிய ஷூ மட்டும் போதாது. லேஸ் தளர்வாக இருந்தால் பெரிய ஷூவுக்குள் பாதம் இன்னும் வேகமெடுத்துப் போய் முட்டும். ஓட்ட ஷூக்கள் பலவற்றில் கணுக்கால் பக்கம் மேலே, சற்று விலகி, ஒரு கூடுதல் ஓட்டை இருக்கும். பெரும்பாலோர் அதைத் தொடுவதே இல்லை. அது குதிகாலைப் பின்னால் இருத்திப் பிடிப்பதற்காக வைத்தது. கடைசிக்கு முந்தைய ஓட்டை வரை வழக்கம்போல் கோர்த்துக்கொண்டு, லேஸ் நுனியைக் குறுக்கே கொண்டுபோகாமல் அதே பக்கத்துக் கூடுதல் ஓட்டைக்குள் வெளியிலிருந்து உள்ளே விடுங்கள். முழுக்க இழுக்காமல் ஒரு சிறு வளையத்தை விட்டு வையுங்கள். மறுபக்கமும் அப்படியே. பிறகு வலது நுனியை இடது வளையத்திலும் இடது நுனியை வலது வளையத்திலும் நுழைத்து, குதிகாலைத் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டு, இரண்டையும் கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கள். விரல்கள் பக்கம் தளர்வாகவும் கணுக்கால் பக்கம் பிடிப்பாகவும் இருக்க வேண்டும். பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போனால் நடுவில் இறுக்கிவிட்டீர்கள், அந்த வரிசையை மட்டும் தளர்த்துங்கள். மேலே ஏறி ஓடிவிட்டுத் திரும்பி இறங்குகிறவர்கள் ஏற்காடு ஏரிப் பக்கம் ஒரு நிமிடம் நின்று லேஸை அவிழ்த்துத் திரும்பக் கட்ட வேண்டும். ஏறும்போது கட்டிய லேஸ் இறங்குவதற்குள் நெகிழ்ந்திருக்கும்.

இறங்கும்போது எட்டு வைப்பதைச் சுருக்குங்கள். குதிகாலை முன்னால் நீட்டி பிரேக் போடுவதுபோல் ஓடினால், ஷூ நின்றுவிடும், பாதம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

நகம் வெட்டுவது: ஓடும் நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்பு, குளித்து நகம் ஊறியதும், நேர்க்கோடாக வெட்டி ஒரு மில்லிமீட்டர் வெள்ளை விட்டு நுனியை அரத்தால் மழுக்குங்கள். ஓரத்தை வளைத்து ஆழமாகத் தோண்டினால் வளரும் முனை சதைக்குள் இறங்கும். இறங்கிவிட்டால், சீழ் இல்லாதவரை, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பதினைந்து நிமிடம், நாளுக்கு மூன்று தடவை வைத்துப் பாருங்கள். சிவந்து, வீங்கி, சீழ் கோர்த்தால் அது நகச்சுத்தி. எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் செருகினால் குளிர்ச்சியாக இருக்கும், உள்ளே இருக்கும் சீழ் வெளியே வராது. டாக்டர்தான் கீறி எடுக்க வேண்டும், டெட்டனஸ் தடுப்பூசிக் கணக்கும் கேட்பார்.

மழைக்காலத்தில் மேலே பனிமூட்டத்தில் ஓடினால் இரண்டு கிலோமீட்டரில் சாக்ஸ் நனைந்துவிடும். கீழே சேலம் வெயிலில் வேர்வை அதே வேலையைச் செய்கிறது. ஊறி வெளுத்த தோல் உரசலைத் தாங்காது, கொப்புளம் அதில்தான் வரும். பருத்தி சாக்ஸ் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அல்லது நைலான் கலந்தது நல்லது. விரல் இடுக்கிலும் குதிகாலிலும் வாசலைன் தடவுங்கள், பாலித்தீன் பையில் இன்னொரு ஜோடி சாக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கொப்புளத்தைத் தொடாதீர்கள். நடக்க முடியாத அளவுக்குப் பெரிதானால் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிநீரில் போட்டெடுத்த ஊசியால் ஓரத்தில் இரண்டு இடத்தில் குத்தி நீரை வடியுங்கள், மேல்தோலை உரிக்காமல் மூடிக் கட்டுங்கள். ரத்தம் கோர்த்த கொப்புளத்தைக் குத்த வேண்டாம். நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றுங்கள்.

ஈரத்தோடு வரும் இன்னொன்று சேற்றுப்புண். நாலாவது ஐந்தாவது விரலுக்கு நடுவில் வெளுத்து, வெடித்து, அரிக்கும். குளோட்ரிமசோல் 1 சதவீத கிரீம், நாளுக்கு இரண்டு வேளை, நாலு வாரம் வரை. அரிப்பு நின்ற பிறகும் இரண்டு வாரம் நிறுத்தாமல் போட வேண்டும். இங்கேதான் எனக்கு ஆற்றாமை. மருந்துக் கடையில் போய் ‘கால் இடுக்கில் அரிப்பு’ என்றால், பல இடங்களில் மூன்று நாலு மருந்து கலந்த டியூபை எடுத்து நீட்டுகிறார்கள். அதில் குளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், வாங்கியவர் நல்ல மருந்து என்று ஊரெல்லாம் சொல்வார். பூஞ்சை சாகவில்லை, தடையில்லாமல் பரவுகிறது, தோல் மெலிகிறது. டியூபின் பின்பக்கத்தைப் படித்து, அந்தப் பெயர்கள் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். நகத்துக்குள்ளேயே பூஞ்சை என்றால் மாதக்கணக்கில் மாத்திரை தேவைப்படும். நகத்தைச் சுரண்டிப் பரிசோதித்து உறுதி செய்யாமல் அதைத் தொடங்கக் கூடாது. சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, அங்கே காட்டலாம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு கேட்கவில்லை. பள்ளிகள் பலவற்றில் விளையாட்டுப் பிரியடுக்கு மெல்லிய அடி வைத்த கேன்வாஸ் ஷூவைக் கட்டாயமாக்கி, ஜூன் மாதம் ஒரே தடவை அளவெடுத்துக் கொடுக்கிறார்கள். வளரும் பிள்ளைக்கு ஜனவரியில் அது பத்தாது. அதே ஷூவோடுதான் போட்டியில் ஓட விடுகிறார்கள். நகம் போய் வீட்டுக்கு வரும் பிள்ளையை ‘ஓடத் தெரியவில்லை’ என்று திட்டுவது அநியாயம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிள்ளையை இன்சோல் மேல் நிற்க வைத்துப் பாருங்கள், ஒரு நிமிட வேலை.

உங்கள் அடுத்த மாதத்துக்கு வருகிறேன். நக நுனியை அழுத்தினால் வலிக்கிறவரை மலையில் ஏறி மட்டும் ஓடுங்கள், இறங்குவதற்கு ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் சேலம் பஸ் இருக்கிறது. ஏறும்போது நகம் முட்டாது. வலி போனதும் முதல் தடவை நாலு வளைவு மட்டும் இறங்கி, ஷூவைக் கழற்றி நகத்தை அழுத்திப் பாருங்கள். வலித்தால் லேஸையோ அளவையோ மாற்றாமல் ஐந்தாவது வளைவுக்குப் போகாதீர்கள்.