டிரான்ஸ்பரன்ட், அனானிமஸ், எலைட்: அடையாளம் தெரியாமல் உலாவ எந்த பிராக்ஸி நல்லது?

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறேன். பையன்கள் இதே கேள்வியைத்தான் கேட்பார்கள், பெரும்பாலும் லேபில் தடுத்து வைத்த தளத்தைத் திறப்பதற்காக.

பிராக்ஸி என்பது உங்களுக்குப் பதிலாகத் தளத்திடம் கேட்டு வாங்கித் தரும் இடைக் கணினி. உங்களைப் பற்றித் தளத்திடம் எவ்வளவு சொல்கிறது என்பதில்தான் அதன் இந்த மூன்று வகைகளும் வேறுபடுகின்றன. டவுன் ரதவீதியில் இருக்கும் மளிகைக் கடைக்குப் பக்கத்து வீட்டுப் பையனை அனுப்புகிறீர்கள். “எங்க தெரு மாமா வாங்கிட்டு வரச் சொன்னாவ” என்று உங்களைக் காட்டிக்கொடுத்தால் டிரான்ஸ்பரன்ட். “ஒருத்தர் வாங்கிட்டு வரச் சொன்னாவ” என்று நிறுத்தினால் அனானிமஸ். தனக்கே வாங்குவதுபோல் வாங்கி வந்தால் எலைட். முதல் வகை ‘எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்’ என்ற ஹெட்டரில், அதாவது கோரிக்கையோடு போகும் குறிப்பு வரியில், உங்கள் ஐபி முகவரியையே (இணையத்தில் உங்கள் கணினியின் எண்) எழுதி அனுப்பும். எங்கள் லேபில் ஓடும் ஸ்க்விட் என்ற பிராக்ஸி மென்பொருளும் அப்படித்தான். அதன் வேலை தளங்களை வடிகட்டுவதும் யார் எங்கே போனார்கள் என்று குறித்து வைப்பதும்; யாரையும் மறைப்பது அல்ல.

ஆனால் இந்தப் பிரிவினை, குறியாக்கம் இல்லாமல் பக்கங்கள் வந்துபோன பழைய எச்டிடிபி காலத்தது. இன்று பெரும்பாலான தளங்கள் குறியாக்கம் செய்த எச்டிடிபிஎஸ். பிரவுசரில் பிராக்ஸியை அமைத்துக்கொண்டு அத்தளங்களுக்குப் போனால், பிராக்ஸி ஒரு குழாயைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. உள்ளே ஹெட்டர் செருக முடியாது. ஆகவே ‘எலைட்’ என்ற பெயருக்காகக் காசு கொடுக்காதீர்கள். சாக்ஸ்5 என்ற இன்னொரு வகை பிராக்ஸி எந்த வகைப் போக்குவரத்தையும் கடத்தும், ஆனால் தானாக எதையும் குறியாக்கம் செய்யாது. ஃபயர்பாக்ஸில் டிஎன்எஸ் தேடலும் (தளப் பெயருக்கு உரிய ஐபி முகவரியைக் கேட்பது) அதன் வழியே போகும்படி வைக்காவிட்டால், நீங்கள் தேடும் தளப் பெயர்கள் உங்கள் இணைய நிறுவனத்துக்குத் தெரிந்துவிடும்.

நான் முதலில் பார்ப்பது பிராக்ஸியை நடத்துவது யார் என்பதைத்தான். தளத்துக்குத் தெரியாத உங்கள் முகவரி அவருக்குத் தெரியும். எச்டிடிபிஎஸ் ஆனாலும் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதும் தெரியும். இலவசப் பட்டியல்களில் இருக்கும் பிராக்ஸிகளுக்கு மின்சாரக் கட்டணம் யார் கட்டுகிறார்கள்? 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை முடக்கிய 911 எஸ்5 வலையமைப்பு, இலவச விபிஎன் செயலிகள் மூலம் வீட்டுக் கணினிகளுக்குள் புகுந்து, 1.9 கோடிக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகளை பிராக்ஸியாக வாடகைக்கு விட்டது. கணினிக்குச் சொந்தக்காரர்களுக்கு விஷயமே தெரியாது.

மொபைல் டேட்டாவில் திருநெல்வேலியில் உட்கார்ந்திருந்தாலும் ஐபி பார்க்கும் தளம் சென்னை என்று காட்டுவதுண்டு. அதை மறைவு என்று நினைக்க வேண்டாம், நிறுவனத்திடம் பதிவு இருக்கும்.

நிஜமாகவே மறைய வேண்டுமென்றால் டோர் பிரவுசர். மூன்று கணினிகளைத் தாண்டிப் போகும். முதலாவதற்கு உங்களைத் தெரியும், கடைசிக்குத் தளத்தைத் தெரியும், இரண்டும் சேர்ந்து எதற்கும் தெரியாது. மெதுவாகத்தான் இருக்கும். அப்புறம், அதற்குள் போய் உங்கள் ஜிமெயிலைத் திறந்தால் கூகுளுக்கு நீங்கள் யாரென்று தெரிந்துவிடும்.