ஜாமீன் போட்ட மாமாவுக்குத் தெரியுமா?

கேள்வி: மெக்கானிக்கல் முடித்து, கேம்பஸில் ஒரு பெரிய இன்ஜினியரிங் கம்பெனியில் கிராஜுவேட் இன்ஜினியர் ட்ரெய்னியாகச் சேர்ந்தேன். சென்னையில் 2 மாதம் வகுப்பு, அப்புறம் ஒடிசாவில் அனல் மின் நிலைய சைட். டிசைன் வேலை கிடைக்கும் என்று வந்தவனை ஸ்டோரில் பாய்லர் டியூப் எண்ண விட்டிருக்கிறார்கள். 3 வருட பாண்ட், உடைத்தால் 3 லட்சம். ஜாமீன் கையெழுத்து மாமா போட்டார், அவருக்கு அடுத்த வருடம் ரிட்டயர்மென்ட். பெங்களூரில் ஐ.டி. வேலை ஒன்று தயாராக இருக்கிறது. "சொல்லாமல் கிளம்பிடு, பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது" என்கிறான் நண்பன். கிளம்பலாமா?
- திருநெல்வேலி வாசகர்

பதில்: தம்பி, நான் சுருக்கிப் போட்டிருக்கும் உங்கள் கடிதம் உண்மையில் 4 பக்கம். ஸ்டோர் வெயிலுக்கு ஒரு பக்கம், சூப்பர்வைசரின் வாய்க்கு ஒரு பக்கம். மாமாவுக்கு ஒரே வரி. அந்த வரியிலும் அவரிடம் பேசியதாக ஒரு வார்த்தை இல்லை. ஜூலையில் சேர்ந்த பிள்ளைகளிடமிருந்து தீபாவளி நெருங்கும்போது வருடா வருடம் எனக்கு இதே கடிதம் வருகிறது, எல்லாவற்றிலும் ஜாமீன் போட்டவர் இப்படித்தான் ஓர் ஓரமாக நிற்கிறார்.

ஜாமீன் என்பதைக் கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடுவது மாதிரி நினைத்துவிட்டீர்களா? 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவைப் படியுங்கள். பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, உங்களுக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. உங்களைத் தேடிப் பிடித்த பிறகுதான் அவரிடம் போக வேண்டும் என்று கம்பெனிக்குக் கட்டாயம் கிடையாது. நீங்கள் பெங்களூரில் நம்பரை மாற்றிக்கொள்ளலாம், அவர் முப்பது வருடமாக இருக்கும் வீட்டு விலாசத்தை மாற்ற முடியுமா?

உங்கள் நண்பர் சொல்வதும் அரைகுறை. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், 3 வருடத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது பொதுத்துறை வங்கி, உங்கள் வழக்கு வேறாகலாம். அதே ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவின்படி, பாண்டில் எழுதிய தொகைக்கு மேல் போகாமல் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதைத்தான் கேட்க முடியும், அதனால் முழு 3 லட்சமும் கேட்பார்களா என்பது பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். ஆனால் ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போனவன் யாரிடம் உட்கார்ந்து பேசுவான்?

ஸ்டோர் வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், என் தம்பியும் அங்கேதான் ஆரம்பித்தான். கார்பன் ஸ்டீல் டியூபும் அலாய் ஸ்டீல் டியூபும் வெளியே பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். மாறிப்போய், பாய்லரில் நீராவியை மேலும் சூடாக்கும் சூப்பர்ஹீட்டரில் ஏறிவிட்டால் அந்தச் சூட்டில் ஒருநாள் வெடிக்கும், பக்கத்தில் ஆள் நிற்பான். எந்த உருக்கிலிருந்து வந்த ஸ்டீல் என்று காட்டும் ஹீட் நம்பரைப் பார்த்துப் பிரித்து வைப்பது இன்ஜினியர் வேலைதான். அப்படியும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், ஆயுள் முழுக்க அங்கேயே கிடக்கச் சொல்ல நான் யார்? ஆனால் டிபார்ட்மென்ட் மாற்றம் கேட்டு எச்.ஆருக்கு ஒரு மெயிலாவது போட்டீர்களா? கடிதத்தில் அதைக் காணோம்.

போவதென்றால் நேர் வழியில் போங்கள். 3 வருடம் சேர்ந்த நாளிலிருந்தா, ட்ரெயினிங் முடிந்த பிறகா என்று பாண்டில் பாருங்கள். எழுத்தில் ராஜினாமா கொடுங்கள், நோட்டீஸ் காலத்தை முடியுங்கள், பணத்தைத் தவணையில் கட்டலாமா என்று கேளுங்கள். அந்தத் தவணை உங்கள் பெங்களூர் சம்பளத்தில் போக வேண்டும். மாமாவுடைய கிராஜுவிட்டியில் கை வைக்க உங்களுக்கு என்ன உரிமை? உங்களை நம்பிக் கையெழுத்துப் போட்ட மனிதரின் முதுகுக்குப் பின்னால் எடுக்கிற எந்த முடிவையும் நான் சரி என்று சொல்ல மாட்டேன், சம்பளம் மூன்று மடங்கானாலும்.

அதனால் முதலில் 4 நாள் லீவு போட்டு ஊருக்குப் போங்கள். போனில் சொல்ல வேண்டாம். பாண்ட் நகலைக் கையோடு கொண்டுபோய் மாமா முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொல்லுங்கள், திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். அத்தையும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். வக்கீல் நோட்டீஸ் வந்தால் மாமா ஆபீஸில் இருக்கும் அந்த நேரத்தில் வாசலில் நின்று கையெழுத்துப் போட்டு வாங்கப்போவது அவர்தான்.