ஆன்டிவைரஸுக்குப் பணம் கட்டத்தான் வேண்டுமா?

கேள்வி: லேப்டாப் வாங்கி ஓராண்டு ஆகிறது. விண்டோஸ் 11. கூடவே வந்த ஆன்டிவைரஸின் சோதனைக்காலம் முடிந்துவிட்டது. ‘உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது, உடனே சந்தாவைப் புதுப்பியுங்கள்’ என்று தினமும் எச்சரிக்கை வருகிறது. வீட்டிலிருந்தே சில கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். வங்கி வேலையும் இதில்தான். 14 வயது மகனும் இதே லேப்டாப்பில் கேம் விளையாடுகிறான். பணம் கட்டுவதா, இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதைப் போட்டுக்கொள்வதா?

பதில்: முதலில் அந்த எச்சரிக்கையைப் பார்த்துவிடுவோம். அது சொல்வதில் பாதி உண்மை. உங்கள் லேப்டாப்பின் பாதுகாப்பு இப்போது குறைந்திருக்கக்கூடும். ஆனால் நீங்கள் பணம் கட்டாததால் அல்ல. காலாவதியான அந்த மென்பொருள் இன்னும் உள்ளேயே உட்கார்ந்திருப்பதால். விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் ஏற்கெனவே இருக்கிறது. வேறொன்றை நிறுவினால் அது தானாக ஒதுங்கிக்கொள்ளும். இரண்டு ஆன்டிவைரஸ்கள் ஒரே ஃபைலைப் பிடித்து இழுத்துக் கணினியைத் திணறடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி ஓர் ஏற்பாடு. இதனால், சோதனைக்காலம் முடிந்த மென்பொருள் புதிய வைரஸ் விவரங்களைப் பெறாமல் நிற்க, டிஃபெண்டரும் விலகியே நிற்க, காவலே இல்லாத நிலை வரலாம். என்னிடம் வரும் லேப்டாப்களில் நான் முதலில் தேடிப் பார்ப்பது இதைத்தான்.

ஆகவே செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் அந்தப் பழைய மென்பொருளை முழுவதுமாக நீக்குங்கள். சிலவற்றை அப்படி நீக்கினாலும் மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றைத் துடைப்பதற்கென்றே தயாரித்த நிறுவனம் தன் தளத்தில் ஒரு சிறு கருவி தந்திருக்கும். லேப்டாப்பை ‘ரீஸ்டார்ட்’ செய்தபின், விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து ‘ரியல் டைம் ப்ரொடெக்ஷன்’ இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் உங்கள் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி கிடைத்துவிட்டது. உங்களைப் போன்ற ஒருவருக்கு டிஃபெண்டரே போதும் என்பது என் முடிவு.

இதை நம்ப ஏன் பலர் தயங்குகிறார்கள் என்று தெரியும். மைக்ரோசாஃப்ட் 2009-இல் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் என்ற பெயரில் இலவச ஆன்டிவைரஸ் கொண்டுவந்தது. 2012-இல் வந்த விண்டோஸ் 8-இல் அதன் வாரிசை உள்ளேயே சேர்த்துவிட்டது. அந்தக் காலத்தில் பரிசோதனைகளில் அது பின்தங்கியே இருந்தது. அப்போது வந்த கெட்ட பெயர் இன்னும் போகவில்லை. இன்று ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் போன்ற ஆய்வகங்கள் நடத்தும் சோதனைகளில் அது கட்டண மென்பொருள்களோடு சேர்ந்தே நிற்கிறது. ஒரு குறை உண்டு: புதிய ஃபைல்களை அடையாளம் காண அது இணையவழிச் சோதனையைப் பெரிதும் நம்பியிருக்கிறது. இணைப்பு இல்லாத நேரத்தில் யாரோ கொடுத்த பென் டிரைவைச் செருகுவீர்கள் என்றால், அதிலிருப்பதைத் திறக்கும் முன் இணையத்தில் இணைந்துகொள்ளுங்கள்.

மற்ற நிறுவனங்களின் இலவச ஆன்டிவைரஸ்கள் பற்றி நான் கொஞ்சம் கண்டிப்பானவன். ஆன்டிவைரஸ் என்பது கணினியில் எல்லா ஃபைலையும், பெரும்பாலும் நீங்கள் போகும் எல்லா இணையதளத்தையும் பார்க்கும் உரிமை பெற்றது. அத்தனை அதிகாரத்தை ஒருவரிடம் கொடுக்கும்போது, அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டே ஆக வேண்டும். அவாஸ்ட் நிறுவனம் தன் பயனர்களின் இணைய உலாவல் விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது வெளியே வந்து, 2020 ஜனவரியில் ஜம்ப்ஷாட்டை மூட வேண்டியதாயிற்று. 2024-இல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் அவாஸ்ட்டை 1.65 கோடி டாலர் செலுத்தச் சொன்னது. இலவசமாகத் தரும் எல்லோரும் இதைச் செய்கிறார்கள் என்று சொல்லவில்லை. பலர் இலவசப் பதிப்பைக் கட்டணப் பதிப்புக்கான விளம்பரமாக மட்டுமே வைத்திருக்கிறார்கள். ஆனாலும் உள்ளேயே நல்ல ஆன்டிவைரஸ் ஒன்று இருக்கும்போது இந்தச் சந்தேகத்தை ஏன் வீட்டுக்குள் அழைக்க வேண்டும்? உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. இத்தகைய இலவசப் பதிப்புகள் பலவற்றின் உரிம விதி ‘சொந்த உபயோகத்துக்கு மட்டும்’ என்கிறது. நீங்கள் கூலிக்குக் கணக்கு எழுதுகிறீர்கள், அது தொழில்.

சரி, பணம் கட்டினால் என்ன கூடுதலாகக் கிடைக்கும்? வைரஸைப் பிடிக்கும் திறன் அல்ல. ஒரே நிறுவனத்தின் இலவசப் பதிப்பிலும் கட்டணப் பதிப்பிலும் வைரஸைக் கண்டுபிடிக்கும் எஞ்சின் பெரும்பாலும் ஒன்றுதான். கூடுதலாக வருபவை விபிஎன் (இணையப் போக்குவரத்தை மறைத்து அனுப்பும் வசதி), பாஸ்வேர்டு மேனேஜர் (எல்லாப் பாஸ்வேர்டுகளையும் பூட்டிக் காக்கும் மென்பொருள்), பிள்ளைகளைக் கண்காணிக்கும் வசதி, பல கருவிகளுக்கு ஒரே சந்தா, சிக்கலில் மாட்டினால் பேச ஒரு மனிதர். இந்தக் கடைசியை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். கணினி பழகாத பெற்றோர் தனியாக இருக்கும் வீட்டில் அந்த ஒன்றுக்காகவே பணம் கட்டலாம். பத்துப் பேர் வேலை செய்யும் அலுவலகம் என்றாலும் வாங்கத்தான் சொல்வேன். எல்லாக் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து பார்க்க முடிவது பெரிய விஷயம். உங்களுக்கு இவற்றில் தேவைப்படுவது பாஸ்வேர்டு மேனேஜர் ஒன்றுதான். பிட்வார்டனின் இலவசப் பதிப்பே அதற்குப் போதும். பிறகு எப்போதாவது சந்தா வாங்க நேர்ந்தால், தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றே நிறுத்திவிடுங்கள். முதலாண்டுத் தள்ளுபடி இரண்டாம் ஆண்டில் இருக்காது.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது உங்கள் மகனின் கேம்கள். கிராக் செய்த (உரிமப் பூட்டை உடைத்துத் திருட்டுத்தனமாகப் பரப்பும்) கேம்களோடும், விளையாட்டில் ஏமாற்றி ஜெயிக்க உதவும் ‘சீட்’ மென்பொருள்களோடும் பெரும்பாலும் ஒரு குறிப்பு வரும்: ‘நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள்.’ பிள்ளையும் அணைத்துவிடும். உள்ளே வருவது பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும், லாகின் செய்த நிலையைக் காக்கும் குக்கிகளையும் சில நொடிகளில் அள்ளிக்கொண்டு போகும் திருட்டு மென்பொருளாக இருக்கலாம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸும், வீட்டுக்காரரே அணைத்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. எனவே மகனுக்குத் தனிக் கணக்கு தொடங்குங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் அல்ல, ‘ஸ்டாண்டர்டு யூசர்’. உங்கள் கணக்கின் பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியாதவரை டிஃபெண்டரை அவனால் அணைக்க முடியாது. ஏன் இந்த ஏற்பாடு என்று அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள். அந்த வயதுக்கு நன்றாகவே புரியும்.

விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளின் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாகிரை என்ற ரேன்சம்வேர், யாரும் எதையும் கிளிக் செய்யாமலே கணினியிலிருந்து கணினிக்குத் தாவியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது.

வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்பவரிடம் ஓடிபியை நாமே சொல்லிவிட்டால், அதைத் தடுக்க எந்த ஆன்டிவைரஸுக்கும் வழியில்லை. ‘உங்கள் ஆன்டிவைரஸ் சந்தா புதுப்பிக்கப்பட்டது, ரத்து செய்ய இந்த எண்ணை அழையுங்கள்’ என்று மின்னஞ்சல் வந்தாலும் அழைக்காதீர்கள். இது பழகிப்போன மோசடி.

விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘ரேன்சம்வேர் ப்ரொடெக்ஷன்’ என்ற பகுதியில் ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் அக்சஸ்’ என்று ஒன்று இருக்கிறது. வழக்கமாக அது அணைந்தே இருக்கும். அதைப் போட்டுவிட்டால், தெரியாத மென்பொருள் எதுவும் உங்கள் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் கைவைக்க முடியாது. முதல் சில நாள்கள் உங்கள் கணக்கு மென்பொருளையே அது தடுக்கக்கூடும். அதை அனுமதிப் பட்டியலில் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும்.

சந்தாவுக்கு என்று எடுத்துவைத்த பணத்தில் வெளியே செருகும் ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்குங்கள். வாரம் ஒருமுறை கணக்கு ஃபைல்களை அதில் பேக்கப் எடுத்துவிட்டு, கையோடு கழற்றி வைத்துவிடுங்கள். செருகியபடியே விட்டால் ரேன்சம்வேர் அதையும் சேர்த்தே பூட்டிவிடும். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஏதாவது ஒரு கடையின் கணக்கைத் திறந்து பாருங்கள். பேக்கப் எடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்து, வேண்டிய நாளில் ஃபைல் திறக்காமல் தவித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.